எட்டு நாள் தண்ணீர்

2022 ஐப்பசியில் அக்கா மகனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் மாத்திரையில் ஓட்டி, நாலாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு என்றார்கள். நான் ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். போய்ச் சேர்வதற்குள் தட்டணு எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான், ஐந்தாறு நாளில் வீட்டுக்கு வந்து இட்லி கேட்டான். ஆகவே நான் எழுத வந்தது அவன் காய்ச்சலைப் பற்றி இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு நான் அக்காவிடம் சொன்ன ஒரு வாக்கியம் அப்புறம் ரொம்ப நாள் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அதைப் பற்றித்தான்.

"வீட்டைச் சுத்தி இத்தனை டிரம்மு வெச்சிருந்தா கொசு வராம என்ன செய்யும்க்கா?"

இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் அறிவாளித்தனமான தோரணைகூட இருந்திருக்கும். டெங்குவுக்குக் காரணம் மக்களின் அலட்சியம் என்று வருஷா வருஷம் மழைக்காலத்தில் டிவியில் கேட்டுக் கேட்டு அது என் சொந்தக் கருத்து மாதிரியே ஆகியிருந்தது. அக்கா உடனே பதில் சொல்லவில்லை. கூஜாவைத் திறந்து வெந்நீரை ஆற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "தண்ணி என்னைக்கு வரும்னு எவனாவது சொல்லட்டும் தம்பி. அன்னைக்கே அத்தனையையும் கவுத்திப் போடுதேன்."

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். அப்படித்தான் சொல்லிக்கொள்வது வழக்கம். ஆறாம் நாளும் வரும், பதினோராம் நாளும் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு வரும், கல்யாண வீட்டுக்குப் போயிருக்கும்போது வரும். கூப்பிடுதூரத்தில் தாமிரபரணி ஓடுகிறது, அதில் தண்ணீர் வற்றி நாங்கள் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் தெருவுக்கு எட்டு நாள்.

கிடங்குக்காரன் கண்ணில் அக்கா வீடு

நான் ஶ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கிடங்கில் வேலை செய்கிறேன். சரக்கு எவ்வளவு இருப்பு வைக்கவேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் பதினெட்டு வருஷமாக என் பிழைப்பு. சாப்பாடு வாங்கிவர வீட்டுக்குப் போயிருந்தபோது அக்காவின் பின்கட்டில் நின்று டிரம்களை எண்ணினேன். நீல டிரம் ஒன்பது, சிமென்ட் தொட்டி ஒன்று, அண்டா இரண்டு, குடங்கள் எண்ணிக்கை தெரியாது. எண்ணி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அது ஒழுங்கற்ற வீடே இல்லை. என் கிடங்கைவிட நன்றாக நிர்வகிக்கப்பட்ட இருப்பு அது. குடிக்கிற தண்ணீர் தனி, சமையலுக்குத் தனி, கக்கூஸுக்கு மட்டும் முந்தின தடவை பிடித்த தண்ணீர்.

கணக்கைப் பாருங்கள். வீட்டில் நாலு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்று சிக்கனமாகவே வைத்துக்கொண்டாலும் எட்டு நாளைக்கு 2,240 லிட்டர். 200 லிட்டர் டிரம் கணக்கில் பதினொன்று. ஆனால் எட்டு நாளில் வரும் என்று நம்பி எட்டு நாளைக்கு மட்டும் யாரும் பிடித்து வைக்கமாட்டார்கள். பதினோரு நாள் ஆன அனுபவம் உள்ளவள் பன்னிரண்டு நாளைக்குப் பிடிப்பாள். அது 3,360 லிட்டர், கிட்டத்தட்ட பதினேழு டிரம். இதே 70 லிட்டர் தினமும் காலையில் வந்தால் நாலு பேருக்கு 280 லிட்டர். ஒரு டிரம், ஏழெட்டுக் குடம், ராத்திரிக்குள் காலி. ஊருக்கு வரும் மொத்தத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மாறவில்லை. இடைவெளியும் நிச்சயமின்மையும்தான் அத்தனை டிரம்களையும் அங்கே கொண்டுவந்து வைத்திருக்கின்றன.

எங்கள் தொழிலில் இது பாலபாடம். சப்ளையர் தாமதம் செய்தால் இருப்பு ஏறும். எப்போது வருவான் என்றே தெரியாத சப்ளையர் என்றால் இருப்பு இன்னும் ஏறும். அப்படி இருப்பு ஏறிக் கிடக்கும் கிடங்குக்காரனை யாரும் அலட்சியக்காரன் என்று திட்டுவதில்லை, சப்ளையரைப் போய்ப் பார்ப்பார்கள். கம்பெனியில் இரண்டு நாள் பயிற்சி என்று உட்காரவைத்து இதற்கு சிஸ்டம்ஸ் திங்கிங், அதாவது ஒன்றைத் தனியாகப் பார்க்காமல் அதற்குள் வருவது, தேங்குவது, போவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது என்று பெயர் சொல்லி, குளியல்தொட்டி, திறந்த குழாய், அடைப்பான் எல்லாம் படம் வரைந்து காட்டினார்கள். பிஸ்கட் நன்றாக இருந்தது. அந்தப் படத்தை என் அக்கா வீட்டுக் கொல்லைப்புறத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது.

கொசுவுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. அதற்கு வேண்டியது சுத்தமான, அசையாத தண்ணீர். அதுவும் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். அந்த முட்டை தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஏறி நனைந்தால் பொரியும். புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் இடைவெளியோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் நடுக்கமே வந்தது. யாரோ உட்கார்ந்து கொசுவின் வசதிக்கு அட்டவணை போட்ட மாதிரி இருக்கிறது.

வாரம் ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் தண்ணீர் வரும் நாள் தெரியாதவளிடம் டிரம் ஒருபோதும் காலியாக இருக்காது. அடியில் நாலு குடம் எப்போதும் கிடக்கும், அதன்மேல்தான் புதுத் தண்ணீர் விழும். ராத்திரி இரண்டு மணிக்குக் குழாய் சத்தம் போட்டதும் டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தால் முக்கால் மணிநேரத்தில் தண்ணீர் நின்றுவிடும். பழைய தண்ணீர், பழைய சுவர், அதில் ஒட்டிய பழைய முட்டை, மேலே புது ஈரம். ஒவ்வொரு முறை தண்ணீர் வரும்போதும் பொரிப்பகத்துக்கு சுவிட்ச் போட்ட மாதிரிதான்.

இப்போது கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். டெங்கு என்று நாலு பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் தெருவில் புகை மருந்து அடிப்பார்கள். பிள்ளைகள் பின்னால் ஓடும், போட்டோ வரும். புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். முட்டைக்கும் புழுவுக்கும் அது ஒன்றும் செய்யாது. ஏடிஸ் தெருவில் சுற்றுவதைவிட வீட்டுக்குள் துணி தொங்கும் மூலையிலும் கட்டிலுக்கு அடியிலும்தான் அதிகம் உட்கார்ந்திருக்கும். நாமோ புகை வருகிறது என்று சன்னலைச் சாத்துகிறோம். செத்த கொசுக்களின் இடத்தை நிரப்ப டிரம் சுவரில் அடுத்த செட்டு தயாராக இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கையில் கரண்டியால் மொண்டு வெளியே ஊற்றுகிற வேலை இது. புகை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நோய் வேகமாகப் பரவும்போது நோய்க்கிருமி சுமக்கும் கொசுக்களை உடனே கொன்றாக வேண்டும். ஆனால் அதை டெங்கு ஒழிப்பு என்று அழைப்பதில்தான் எனக்குச் சங்கடம்.

மழையோடு மட்டும் டெங்குவை முடிச்சுப் போடுவதும் அப்படித்தான். 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு வெடித்தது வடகிழக்குப் பருவமழைக்கு வெகுநாள் முன்னால், மே, ஜூன் மாதங்களில். அந்த வருஷம் தமிழ்நாட்டில் அரசுக் கணக்கில் மட்டும் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் இறந்தார்கள். பிரேசிலில் பல வருஷத் தரவுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வொன்று, கனமழைக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் டெங்கு ஆபத்து கூடுவதைப் போலவே, கடும் வறட்சிக்குப் பிறகு மூன்றிலிருந்து ஐந்து மாதத்திலும் கூடுகிறது என்று காட்டியது. வறட்சியின் விளைவு குடிநீர் விநியோகம் அடிக்கடி தடைபடும் நகரங்களில்தான் அதிகம். வியட்நாமின் கான் ஹோவா மாகாணத்தில் அதற்குப் பத்து வருஷம் முன்பே செய்த ஆய்வு, குழாய்த் தண்ணீர் இல்லாத, மக்கள் நெருக்கம் நடுத்தரமாக உள்ள ஊர்களில் டெங்கு ஆபத்து அதிகம் என்றது. அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே வரியில் சொன்னதுதான்.

இங்கே ஒரு பாவமன்னிப்பு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது எங்கள் ஃபிளாட் பால்கனியிலும் ஒரு டிரம்மும் ஆறு வாளியும் இருந்தன. ஆகஸ்டில் ஒரு நாள் வாளியில் புழு நெளிவதை நானே பார்த்து, யாருக்கும் சொல்லாமல் செடிக்கு ஊற்றிவிட்டேன். என்னை அப்போது யாரும் அலட்சியக்காரன் என்று சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு நோட்டுகள்

பையன் தேறியபிறகு நான் நாலு நாள் கூடத் தங்கினேன். அந்த நாலு நாளில் இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவர் வீடு வீடாக வந்து டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் கொசு ஒழிப்புப் பணியாளர். தினக்கூலி, ஒப்பந்தம். அவர் வந்ததும் அக்கா இரண்டு டிரம்மை மூடி மேலே சாக்கைப் போட்டு, இன்னொன்றைக் குளியலறைக்குள் உருட்டினாள். போன மாதம் பக்கத்து வீட்டில் புழு இருக்கிறது என்று நோட்டீஸ் ஒட்டி, தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டுப் போனார்களாம். அடுத்த ஆறு நாளும் அந்த வீட்டுக்காரர்கள் லாரித் தண்ணீர் வாங்கியிருக்கிறார்கள். அதிலிருந்து தெருவே டிரம்மை ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டது. ஒளித்துவைத்த டிரம்மில் மருந்து ஊற்ற முடியாது. பதிவேட்டில் மட்டும் புழு உள்ள வீடுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும், மேலே இருப்பவர்கள் கெடுபிடி வேலைசெய்கிறது என்று நினைப்பார்கள். "எனக்கும் தெரியும்ணே, எங்க ஒளிச்சிருக்காவன்னு," என்றார் அவர், மோரைக் குடித்துக்கொண்டே. "நானும் அந்தா அந்தத் தெருக்காரன்தான். எங்க வீட்லயும் ஏழு டிரம்மு கெடக்கு."

இன்னொருவர் தண்ணீர் திறந்துவிடுகிறவர். டீக்கடையில் அறிமுகமானார். ஊரே அவரைத் திட்டும், அவருக்கு அது பழகிப்போயிருந்தது. எந்த வால்வு எந்த நாள் எத்தனை மணிக்குத் திறந்தது என்று நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருந்தார். நிச்சயமாகச் சொல்ல முடியாத காரணத்தை அவர்தான் எனக்குப் புரியவைத்தார். கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து ஊருக்கு வரவேண்டிய அளவு வராத நாளில் கடைசித் தெருக்கள் தள்ளிப்போகும். தள்ளிப்போகும் என்று தெரிந்த முன்தெருக்காரர்கள் வந்த அன்று மோட்டார் வைத்து உறிஞ்சித் தேவைக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். அதனால் வால்பகுதிக்கு அழுத்தம் இன்னும் குறையும். அங்கே இன்னொரு நாள் தாமதமாகும். அடுத்த தடவை அங்கேயும் மோட்டார் வாங்குவார்கள். தட்டுப்பாடு பயத்தை வளர்க்கிறது, பயம் தட்டுப்பாட்டை வளர்க்கிறது. இதில் திருடன் என்று யாரையும் காட்ட முடியவில்லை. எல்லாரும் அவரவர் பிள்ளைகுட்டிக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

டார்ச் அடிப்பவரிடமும் ஒரு நோட்டு இருந்தது, எந்தத் தெருவில் எத்தனை வீட்டில் புழு என்று. இரண்டு பேரும் ஒரே அலுவலகத்துக்குத்தான் ரிப்போர்ட் செய்கிறார்கள். ஒருவர் சுகாதாரப் பிரிவு, மற்றவர் பொறியியல் பிரிவு. இடையில் ஒரு மரத்தடுப்பு. இரண்டு நோட்டையும் சேர்த்துப் பார்த்த ஆள் உண்டா என்று கேட்டேன். தண்ணீர் திறப்பவர், நான் ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

டீக்கடை பெஞ்சில் போன் கேமராவில் இரண்டையும் படம் பிடித்து, அன்று ராத்திரி எங்கள் பகுதியின் ஆறு தெருக்களுக்கு மட்டும் எழுதிப் பார்த்தேன். தண்ணீர் அதிகம் தள்ளிப்போன தெருக்களும் புழு அதிகம் இருந்த தெருக்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. ஒரே ஒரு தெரு ஒத்துவரவில்லை. அங்கே தண்ணீர் ஒழுங்காக வருகிறது, புழுவும் இருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் பழைய டயர்க் கடை. ஆகவே எல்லாவற்றுக்கும் தண்ணீர் விநியோகம்தான் காரணம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. டயர், தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, இவையெல்லாம் நிஜமாகவே அலட்சியம். ஆறு தெருவை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது. ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் வராந்தாவில் சொன்ன வாக்கியம் எவ்வளவு அசிங்கமானது என்று உறைத்தது. அக்கா தூங்கியிருந்தாள். எழுப்பி மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத விஷயமா என்றால் அதுவும் இல்லை. 1939இலேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று சட்டம் போட்ட மாகாணம் இது. அந்தச் சட்டத்தில் குடிநீர் வழங்குவதற்கு ஓர் அத்தியாயம் உண்டு, கொசு ஒழிப்புக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. எழுதியவர்கள் இரண்டையும் ஒரே அட்டைக்குள்தான் வைத்தார்கள். பின்னால் வந்த நிர்வாகம் அவற்றை இரண்டு மேசைக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒரு மேசையில் வெற்றி என்பது இத்தனை லிட்டர் ஏற்றினோம் என்ற எண். இன்னொன்றில் இத்தனை வீடு பார்த்தோம், இத்தனை நோட்டீஸ் கொடுத்தோம் என்ற எண். இரண்டு பேரும் இலக்கை எட்டிய மாதத்திலும் என் மருமகனுக்கு டெங்கு வரலாம். நோய் எண்ணிக்கைக்கே அந்தக் கதிதான். அதிகம் பதிவானால் அதிகாரிக்குக் கேள்வி வரும், ஆகவே அது மர்மக் காய்ச்சல் ஆகிவிடும். இந்த நாட்டில் மர்மக் காய்ச்சல் மாதிரி வசதியான நோய் இன்னொன்று கிடையாது.

எல்லாருக்கும் 24 மணிநேரமும் குழாய்த் தண்ணீர் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா என்று கேட்டால், சிங்கப்பூரைப் பார்த்தபின் அப்படிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அங்கே தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, சோதனையும் அபராதமும் கண்டிப்பானவை. 1960களில் ஏறக்குறைய பாதி வீடுகளில் ஏடிஸ் இருந்த ஊர், 1970களில் நூற்றுக்கு இரண்டு வீடு என்ற அளவுக்கு இறக்கிவிட்டது. ஆனாலும் டெங்கு திரும்ப வந்தது. 2020இல் 35,000 பேருக்கு மேல். ஒரு காரணம் வினோதமானது. கொசு குறைந்ததால் ஒரு தலைமுறைக்கு டெங்குவே வராமல் போனது, அதனால் ஊரில் எதிர்ப்புச் சக்தி இறங்கியது, அதனால் கொஞ்சம் கொசு இருந்தாலே பரவப் போதுமானதாகிவிட்டது. வெற்றியே அடுத்த அலைக்கு வழி திறந்தது. இப்போது அவர்கள் வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்களைப் பறக்கவிடுகிறார்கள். அவற்றோடு சேரும் பெண் கொசு இடும் முட்டை பொரிக்காது. நான் படித்ததில் எனக்குப் பிடித்தது, அவர்கள் ஒரு வழி தேய்ந்துபோனதும் அடுத்த வழி தேடுகிறார்கள் என்பதுதான்.

முந்தின நாள் ராத்திரி

ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒரே ஒரு காரியம் செய்தேன். அதையும் பெரிதாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தண்ணீர் திறப்பவரைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கச் சொன்னேன். அதில் ஏற்கெனவே குட்மார்னிங் ரோஜாப்பூவும் அரசியல் சண்டையும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முதலில் மறுத்தார், அங்கேயும் திட்டுவார்கள் என்று. அப்புறம் நாளை திறக்கப்போகும் தெருவை முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வரியில் போட ஒப்புக்கொண்டார். வராது என்றால் வராது என்றும் போடவேண்டும், அதுதான் முக்கியம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். தண்ணீர் ஒரு குடம்கூட அதிகமாகவில்லை. தேதி மட்டும் தெரிந்தது.

2023 பங்குனியில் போனபோது அக்கா வீட்டில் நீல டிரம் ஒன்பதுக்குப் பதில் ஆறுதான் இருந்தது. மூன்றைக் கொழுந்தன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். மீதி ஆறையும் முந்தின நாள் ராத்திரி செய்தி வந்ததும் காலிசெய்து, தேங்காய் நாரால் உட்சுவரைத் தேய்த்து, கவிழ்த்துவைக்கிறாள். அடியில் கிடக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற அவளுக்கு இப்போது மனசு வருகிறது, ஏனென்றால் நாளைக்கு வரும். எதிர்வீட்டில் இன்னும் பன்னிரண்டு. எதிர்வீட்டுக்காரர் அந்தக் குழுவை மியூட்டில் வைத்திருக்கிறார்.

அந்த டிசம்பர் 17, 18இல் வந்த பெருமழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தாமிரபரணி கரைபுரண்டு, ஆற்றுக்குள் இருந்த உறைகிணறுகளும் குழாய்களும் சேதமாகி, ஊரைச் சுற்றிலும் தண்ணீர் நிற்க, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பல நாள் போனது. தண்ணீர் திறப்பவர் முதல் இரண்டு நாள் "தெரியவில்லை" என்று நேர்மையாகப் போட்டார். மூன்றாம் நாளிலிருந்து ஒன்றும் போடவில்லை. குழுவில் அவரைத் திட்டி நாற்பது செய்தி. அவர் வெளியேறிவிட்டார்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தேன். கொழுந்தன் வீட்டிலிருந்து மூன்றும் திரும்பி வந்துவிட்டன, புதிதாக இரண்டு வாங்கியிருக்கிறாள், மொத்தம் பதினொன்று. இரண்டு மாதத்தில் தண்ணீர் பழையபடி எட்டு நாளைக்கு வந்துவிட்டது, டிரம் மட்டும் பழையபடி குறையவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைப்புறத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது டார்ச்சுக்காரர் வந்தார். இந்த முறை அக்கா எதையும் ஒளிக்கவில்லை, எல்லா மூடியையும் திறந்து காட்டினாள். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏழாவதில் நின்று, கரண்டியால் மொண்டு எனக்குக் காட்டினார். நாலு புழு. நோட்டில் எழுதப்போனவரிடம் அக்கா கேட்டாள்.

"எழுதிக்கிடுங்க. அப்படியே அடுத்த தண்ணி என்னைக்குன்னு கேட்டுச் சொல்லுங்க."

"அது அந்த செக்சன்கா," என்றார் அவர்.